ஐந்து சுற்று, ஒரே பக்கம்

சென்னையில் குளிர்காலம் என்று ஒன்று இருப்பதை வெளியூர்க்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை. எங்களுக்கு உண்டு. மார்கழிக் காலையில் மயிலாப்பூர் மாட வீதிக்கு வந்து பார்த்தால் தெரியும், குரங்குக் குல்லாயோ மப்ளரோ இல்லாத ஆண் தலை அபூர்வம். மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்துவிட்டு, போர்வைக்குள் சுருண்டுகொண்டு "என்ன குளிர்!" என்று அலுத்துக்கொள்கிற ஊர் இது. ஓடுகிறவர்களுக்கு மட்டும் வருஷத்தில் இதுதான் நல்ல காலம். மற்ற மாதமெல்லாம் வியர்வையில் குளித்துக்கொண்டு ஓடியதற்குக் கிடைக்கிற பரிசு.

போன வருஷம் அந்தப் பரிசு கைக்கு வருவதற்கு முன்பே என் முட்டி போய்விட்டது.

நான் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவள். ஆறு வருஷமாக, ஞாயிறு தவிர, காலை ஐந்தே முக்காலுக்குக் கபாலீஸ்வரர் கோயில் கிழக்குக் கோபுரத்தடியில் தொடங்கி நான்கு மாட வீதிகளையும் ஐந்து சுற்று ஓடுவேன். உடம்பு இளைப்பதற்காக இல்லை. அது இளைக்கவும் இல்லை. அதற்கு முன்னால் இரண்டு வருஷம் நான் மாத்திரை போட்டுக்கொண்டுதான் தூங்கினேன். மறுநாள் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு, பாதி எழுதிய சமன்பாட்டின் மீதி என்னவென்று தெரியாமல் விழித்திருக்கிறேன். ஓட ஆரம்பித்த நான்காவது வாரம் மாத்திரை இல்லாமல் தூக்கம் வந்தது. என் வரையில் ஓட்டம் என்றால் தூக்கம், அவ்வளவுதான். மாத்திரை அட்டை இன்னும் அலமாரியில் இருக்கிறது. தூக்கிப்போடத் தைரியம் வந்ததில்லை.

கூட ஓடுகிறவள் எனக்கு ரவிக்கை தைத்துத் தருகிறவள். திருவல்லிக்கேணியில், வீட்டின் முன்னறையில் இரண்டு மெஷின் போட்டிருக்கிறாள்; தாத்தா காலத்திலிருந்து தையல்தான். சர்க்கரை வந்தபோது டாக்டர் நடக்கச் சொன்னார். "நடக்கறதுக்குப் பொறுமை இல்ல டீச்சர்" என்று ஓட ஆரம்பித்தாள். விடியலுக்கு முந்தைய பஜ்ர் தொழுகையை முடித்துவிட்டு, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் இங்கே வந்துவிடுவாள். கடற்கரை அவள் வீட்டுக்குப் பக்கம்தானே என்று கேட்டிருக்கிறேன். அங்கே ஓடினால் எதிரில் வருகிறவர்கள் எல்லாம் நிறுத்தி "என் பிளவுஸ் என்னாச்சு?" என்று கேட்கிறார்களாம்.

புரட்டாசி முடியும்போது வலி தொடங்கியது. இடது முட்டியின் வெளிப்பக்கம். மூன்றாவது சுற்று வரை ஒன்றும் இல்லை. அப்புறம் யாரோ உள்ளே திருப்புளியை வைத்துத் திருகுவது போல. மயிலாப்பூரில் முட்டி வலி என்று ஒருத்தரிடம் சொன்னால் போதும், ஒன்பது வைத்தியம் வரும். தைலம் வந்தது, முடக்கத்தான் தோசை வந்தது. என் கணவர் தினமும் "விட்டுத் தொலையேன், நட" என்றார். நடப்பவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நடந்தால் எனக்குத் தூக்கம் வராது. அதைச் சொன்னால், "அதெல்லாம் மனசு" என்பார். எரிச்சலாக வரும்.

அடையாறில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். சின்னப் பெண், பொறுமைசாலி. இடுப்பிலிருந்து முட்டிக்குக் கீழே வரை தொடையின் வெளிப்பக்கமாகத் தடித்த நாடா மாதிரி ஒன்று ஓடுகிறது, அது முட்டியெலும்பில் உரசிப் புண்ணாகியிருக்கிறது என்றாள். மூன்று வாரம் ஓய்வு. ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்கி இறக்கும் பயிற்சி, நாளுக்கு இரண்டு வேளை. சொன்னபடி செய்தேன். வலி போனது. மாட வீதிக்குத் திரும்பினேன். மூன்றாம் நாள் அதே சுற்றில், அதே இடத்தில் வலி.

மறுபடி மூன்று வாரம். மறுபடி சரியானது. மறுபடி ஓடினேன். நான்காம் நாள் வலித்தது.

"இன்னும் ஒரு தடவை பார்க்கலாம் மேடம்" என்றாள் அந்தப் பெண். "அதுலயும் வந்துச்சுன்னா ஓட்டம் வேண்டாம். வாழ்க்கை முழுக்க முட்டி வேணும் இல்ல?" அன்றைக்கு வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து மாத்திரை அட்டையைப் பார்த்தேன். தேதி காலாவதியாகியிருந்தது. புதிதாக வாங்க வேண்டியிருக்குமோ என்று நினைத்தபோது நிஜமாகவே பயந்தேன்.

ஆனாலும் ஒரு கேள்வி விடவில்லை. ஓய்வெடுத்தால் போகிறது, ஓடினால் வருகிறது, சரி. இடது காலுக்கு மட்டும் ஏன்? இரண்டு காலும்தானே ஓடுகின்றன? ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். முந்தின நாள் என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்குப் படுத்தேன், எந்த ஷூ, தரை ஈரமா, எந்தச் சுற்றில் வலித்தது. பதினொரு பக்கம் ஆனது. மாணவர்களுக்குக் கொடுக்கும் செய்முறை நோட்டு போல கட்டம் கட்டமாக எழுதி, அதைப் பார்த்து எனக்கே பெருமை. விடை மட்டும் கிடைக்கவில்லை.

மார்கழி பிறந்தது. எனக்கு ஓட அனுமதி இல்லாத வாரம் அது. என் தையல்காரி ஓட, நான் நடந்தேன். பஜனை கோஷ்டி என்னைத் தாண்டிப் போனது. அது தாண்டியதுகூட பரவாயில்லை, கோஷ்டியில் கைத்தடியோடு வந்த பெரியவரும் தாண்டினார். கோபுரத்தடியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். ஐந்தாவது சுற்றை முடித்துவிட்டு வந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஷூவை எடுத்துத் துணியைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"டீச்சர், இதோட வெளி ஓரம் தேஞ்சிகினே போயிருக்கு பாருங்க. வலது சும்மா புதுசாட்டம் கீது."

"அதான் இடது கால் வலிக்குதே."

"வலிக்கிறதால தேயல. ஒரு பக்கமாவே சாஞ்சி ஓடறதால தேயுது." கொஞ்சம் தயங்கினாள். "நாம எப்பவும் ஒரே பக்கமாத்தானே சுத்திகினு கீறோம்?"

"வேற எப்படிச் சுத்துவாங்க?" என்றேன் பட்டென்று.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. கோயில் வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். பிரதட்சிணம் என்றால் அதுதான். ஆறு வருஷம், நாளுக்கு ஐந்து சுற்று, சுற்றுக்கு நான்கு திருப்பம், எல்லாத் திருப்பமும் வலப்பக்கம். அதோடு எப்போதும் சாலையின் இடது ஓரம். பதினொரு பக்கம் எழுதிய நோட்டில் திசை என்று ஒரு கட்டம் இல்லை. அது மாறக்கூடிய ஒன்று என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

தண்ணீர் பாட்டிலை எடுத்துப்போய், நாங்கள் ஓடும் ஓரத்தில் சாலைக்குக் குறுக்கே படுக்க வைத்தேன். உள்ளேயிருந்த காற்றுக் குமிழ் ஒரே ஓட்டமாக நடு ரோட்டுப் பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் நடு உயர்ந்து, ஓரம் சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கிறது. ஆறு வருஷமாக என் இடது கால் ஒரு விரற்கடை பள்ளத்திலேயே ஓடியிருக்கிறது. வருஷா வருஷம் சாய்தளத்தையும் மையநோக்கு விசையையும் நடத்துகிறவள் நான். சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

வலது ஓரத்துக்கு மாறலாமென்றால் அங்கே பூக்கடைகளும் ஆட்டோக்களும். திருப்பமும் மாறாது. பக்கத்துப் பூங்காவில் நடப்பவர்களுக்கே இடம் இல்லை. அங்கேயும் எல்லாரும் ஒரே பக்கமாகத்தான் சுற்றுகிறார்கள். பள்ளிக்கு ஏழரை மணிக்குப் போக வேண்டியவள் பெசன்ட் நகருக்கெல்லாம் போய் ஓட முடியாது. ஒரே வழிதான். அதே ஓரத்தில், எதிர்ப்பக்கமாக ஓட வேண்டும்.

ஓய்வு முடிந்த முதல் நாள் திரும்பி நின்றேன். நம்புங்கள், என்னால் முடியவில்லை. வகுப்பில் பூனை குறுக்கே போவது பற்றிக் கிண்டல் செய்கிறவள் நான். கோயிலுக்குள் போயே மாதக்கணக்காகியிருந்தது. பத்தடி வைப்பதற்குள், பூஜை அறைக்குள் செருப்போடு நுழைந்துவிட்ட மாதிரி உடம்பு கூசியது. எதிரே பஜனை கோஷ்டி. கைத்தடிப் பெரியவர் என்னைப் பார்த்து, "என்னம்மா, அப்பிரதட்சிணமா வரேளே?" என்று கோபமே இல்லாமல், விசாரிக்கிற குரலில்தான் கேட்டார். நான் திரும்பி வந்து கோபுரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. முட்டிக்காக இல்லை. எனக்கு நம்பிக்கை இல்லை என்று நானாக நினைத்திருந்த ஒன்று, இத்தனை நாள் என் காலில் இருந்திருக்கிறதே என்று.

அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "எங்க மாமியார் மக்கா போயிட்டு வந்து சொன்னாங்க டீச்சர். அங்க காபாவ இடது கைப்பக்கம் வச்சிகினுதான் சுத்துவாங்களாம். எல்லாரும். லட்சம் பேரு."

"இடது கைப்பக்கமா?"

"ஆமா. நாங்களும் ஒண்ணும் வழி தெரியாம சுத்தலியே." சிரித்தாள். "நான் முன்னாடி ஓடறேன். என் முதுக மட்டும் பாத்துகினு வாங்க. யாராச்சும் கேட்டா, இந்தப் பொம்பள இட்டுகினு வந்திச்சின்னு சொல்லிடுங்க."

அப்படித்தான் போனேன். முதல் சுற்று முழுக்க அவளுடைய பச்சைத் தலைத்துணியைத் தவிர எதையும் பார்க்கவில்லை. இரண்டாவது சுற்றில் கண் தானாக விலகியது. ஆறு வருஷமாகப் பார்த்த வீதி எனக்குத் தெரியாத வீதியாக இருந்தது. கடைப் பலகைகளுக்குப் பின்பக்கம் உண்டு என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு பாத்திரக்கடை மாடியில் நீல நிற ஜன்னல் இருக்கிறது. குளத்துத் தண்ணீர் வேறு திசையிலிருந்து வெளிச்சம் வாங்குகிறது. வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தவர்களின் முதுகை மட்டுமே பார்த்திருந்தேன். இப்போது முகம் தெரிந்தது. பூக்காரம்மா கத்தினாள், "இன்னா டீச்சர், ராங் சைடுல போய்கினு கீற!"

மூன்றாம் நாள் வலிக்கவில்லை. நான்காம் நாளும் வலிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம் என்று வைத்துக்கொண்டோம். வலம் வரும் நாளில் பெரியவர் எனக்குத் தலையசைப்பார். மற்ற நாளில் கோபுரத்தைப் பார்த்துக்கொள்வார்.

போகிக்கு முந்தின நாள், ஐந்து சுற்றும் முடித்துவிட்டு மூச்சு வாங்க நின்றோம். சந்தோஷமாக இருந்தேன். சந்தோஷத்தில் இருக்கும்போதுதான் எனக்கு அடுத்தவர்களைப் பற்றிய கேள்வி வரும்போல.

"ஆமா, நீயும் ஆறு வருஷமா என்கூடத்தானே ஒரே பக்கமா ஓடின? உனக்கு ஏன் முட்டி வலிக்கல?"

அவள் ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள். "வலிச்சிது டீச்சர். ரெண்டாவது வருஷமே வலிச்சிது."

"அப்புறம்?"

"ஞாயித்துக்கெழம நீங்க வரமாட்டீங்கல்ல. அன்னிக்குத் தனியா வந்து அந்தப் பக்கமா ஓடுவேன். போயிடிச்சு."

நான்கு வருஷமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று மாதம் நான் நொண்டியதையும், நோட்டில் கட்டம் போட்டதையும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தெரிஞ்சும் சொல்லலியா நீ?"

"எப்படிச் சொல்றது?" என்றாள். "உங்க கோயிலு, உங்க தெரு. சுத்துற வழிய மாத்துங்கன்னு நான் வந்து சொன்னா நல்லாவா இருக்கும்? உங்களுக்கு ஓட்டமே நின்னுடும்னு ஆனப்புறம்தான் வாயத் தொறந்தேன். அதுவும் பயந்துகினே."

ஆறு வருஷம் என் பக்கத்தில் ஓடியவள், வாரத்தில் ஒரு நாள் நான் இல்லாத நேரம் பார்த்துத்தான் தன் முட்டியைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள். பெருமையோடு எழுதிய பதினொரு பக்கத்தில் அவளைப் பற்றி ஒரு வரி இல்லை.

அவள் ஸ்கூட்டரை எடுத்தாள். நான் கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு வருவே?"

"அதே அஞ்சே முக்கா."

"நானும் வரேன்" என்றேன்.