எக்ஸ்ரே கேட்ட கண்டக்டரம்மா

இரண்டாவது பிரசவத்துக்குப் பின் கருத்தடைக்காகக் காப்பர்-டி போட்டுக்கொண்ட அந்த பஸ் கண்டக்டரம்மாவுக்கு ஆறு மாதமாக அடிவயிற்றில் சுருக்கென்று வலி. பஸ் குலுங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு டிக்கெட் கிழிப்பாள்.

டாக்டர் பரிசோதித்தார். காப்பர்-டியின் நூல் தட்டுப்படவில்லை. ஸ்கேனிலும் கர்ப்பப்பை காலியாக இருந்தது.

"தானா விழுந்திருக்கும்மா. நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க."

"அத்தனை நெரிசல்ல யார் ஏறினா, யார் இறங்கினான்னு பாக்குறவ நான். என் உடம்புலேருந்து ஒண்ணு இறங்கினா தெரியாதா? எக்ஸ்ரே எழுதுங்க. அதுவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்."

"வா, மானம் போகுது" என்று கூட வந்திருந்த கணவர் காதைக் கடித்தார். அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை. டாக்டர் வேண்டாவெறுப்பாக எழுதிக் கொடுத்தார்.

எக்ஸ்ரேயில் அது பளிச்சென்று தெரிந்தது. கர்ப்பப்பையைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்க் குடலோரம் கிடந்தது. வயிற்றில் சிறு துளைகள் போட்டு அதை எடுத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் அன்று கொடுத்த சீட்டில் 'வயிற்று வலி' என்று மட்டும் இருந்தது. அவள் அதைத் திருப்பி நீட்டினாள்.

"எங்க இருந்துச்சுன்னு எழுதுங்க டாக்டர். இனி வர்றவங்ககிட்ட விழுந்துடுச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி உங்களுக்கு இது ஞாபகம் வரணும்."

டாக்டர் பேனா மூடியைத் திறந்தார்.