மாமி ஏசாத நாள்

என் மாமிக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, வாய் பெரிது என்று தீவுப்பகுதி முழுவதும் பேச்சு. கடற்கரையில் நண்டுக்கு விலை குறைத்துக் கேட்கும் வியாபாரிகள் மாமியைக் கண்டால் சுற்றிக்கொண்டு போவார்கள். ஒருமுறை வேலணைச் சந்தியில் எங்களை ஏற்றாமல் போன பஸ், மாமி ஏசிய ஏச்சில் தூரத்தில் நின்று, பின்பக்கமாகவே ஊர்ந்து வந்து எங்களை ஏற்றிக்கொண்டது. நாங்கள் இறங்கும்வரை கொண்டக்டர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. வளர்ந்து பெரியவளானதும் மாமியைப்போல ஏச வேண்டும் என்பதுதான் என் இலட்சியமாக இருந்தது.

நாங்கள் வேலணையில் உறவினர் ஒருவரின் வீட்டில் ஒதுங்கியிருந்தோம். சொந்த ஊர் ஊர்காவற்றுறைப் பக்கம், கடலோரத்தில். நான் பிறப்பதற்கு முன்பே சண்டைக்குப் பயந்து எல்லோரும் அங்கிருந்து ஓடிவந்துவிட்டார்கள். சண்டை முடிந்து சில வருடங்கள் போன பிறகும் திரும்பிப் போக வழியில்லை. எங்கள் காணிகளைச் சுற்றிக் கடற்படையினர் முள்ளுக்கம்பி அடித்து, உள்ளே முகாம் போட்டிருந்தார்கள். அப்பா தொழிலுக்குப் போகும்போது படகிலிருந்தபடி தன் வீட்டுத் தென்னைகளைப் பார்ப்பாராம். பார்க்க மட்டும்தான் முடியும்.

அந்தக் காணிகளை ஒரேயடியாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்றும், அதற்காகச் சேவையர்மார் நிலம் அளக்க வருகிறார்கள் என்றும் ஒருநாள் கதை வந்தது. ஊர்ச்சனம் கோயிலடியில் கூடியது. அளக்க வருகிறவர்களின் வாகனத்தை அடித்து நொறுக்க வேண்டும் என்று இளம் பெடியன்கள் துள்ளினார்கள். அப்பாவும் அவர்கள் பக்கம்தான். அப்போது மாமி எழும்பினா. மாமி பேசினால் வாகனத்தோடு சேர்த்து முகாமும் எரியும் என்று நான் நினைத்தேன்.

"முகாம் வாசலுக்கு முன்னால நாங்கள் போய் இருப்பம். இருக்கிறது மட்டும்தான். கை நீட்டப்படாது, தூசணம் பேசப்படாது. கல்லு எடுக்கிறவன் எங்கட ஆள் இல்லை."

கூட்டத்தில் ஒரு சிரிப்புச் சத்தம் எழுந்து அடங்கியது. இதைச் சொல்வது யார் என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமியால் முடியுமென்றால் இந்த ஊரில் எவராலும் முடியும் என்று அம்மா பக்கத்திலிருந்தவவுக்குச் சொன்னா. அந்த வாதத்தை யாராலும் மறுக்க முடியவில்லை.

அளக்க வரும் அன்று காலையில் பாய்களையும் குடைகளையும் எடுத்துக்கொண்டு போய் வீதிக்குக் குறுக்கே பாய் விரித்து இருந்தோம். மாதா கோயிலுக்குப் போகும் எங்களைப்போன்ற வேதக்காரர், சைவக்காரர் என்று பாராமல் ஊர்ப் பெண்கள் முழுப்பேரும் முன்வரிசையில். ஆண்கள் பின்னால். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நானும் மாமியின் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டேன். மாமி ஏசும்போது கிட்ட இருந்து கேட்க வேண்டும் என்பதுதான் காரணம்.

சேவையர்மாரின் வாகனம் வந்தது. பின்னால் பொலிஸ் ஜீப். நாங்கள் அசையவில்லை. கண்ணாடி போட்ட ஒரு பெரிய சேவையர் இறங்கி வந்து, தான் தனக்குச் சொன்ன வேலையைச் செய்ய வந்தவன் என்று சொல்லி, வழியை விடும்படி கேட்டார். அவரும் தமிழர்தான். முகமெல்லாம் வேர்த்திருந்தது. மாமி என்னிடம் போத்தலைத் தந்து, அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கச் சொன்னா.

"தம்பி, உம்மோட எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனா அளக்க விடமாட்டம்."

அவர் தேத்தண்ணியைக் குடித்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை போலும். குடித்து முடித்துக் கோப்பையைக் கவனமாக என்னிடம் தந்துவிட்டு, வாகனத்துக்குப் போய்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தார்.

வெயில் ஏறியது. முகாமுக்குள்ளிருந்து சிவில் உடுப்பில் ஒருவன் வந்து எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகத் தன் போனில் படம் பிடித்தான். மாமிக்கு முன்னால் வந்ததும் குந்தியிருந்து, போனை அவவின் மூக்குக்குக் கிட்டப் பிடித்தான்.

"உங்கட வாயைப் பற்றிக் கேள்விப்பட்டனான். எங்கை, கொஞ்சம் பேசுங்கோ பாப்பம்."

பிறகு மெதுவாக ஒரு சொல் சொன்னான். அதன் அர்த்தம் எனக்குத் தெரியாது. ஆனால் பின்னாலிருந்த அப்பா அதைக் கேட்டதும் பாய்ந்து எழும்பினார். மாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையைப் பின்னால் நீட்டி அப்பா இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டா. இன்னும் ஓரடி வைத்தால் சாரம் மாமியின் கையில் நிற்கும், அப்பா வீதியில் நிற்பார்.

"இரடா."

அப்பா இருந்தார்.

நான் மாமியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாடை இறுகியது. கழுத்து நரம்பு புடைத்தது. இதோ வரப்போகிறது என்று நான் இன்னும் கிட்ட நகர்ந்து இருந்தேன். மாமி வாயைத் திறந்து, செபமாலையைத் தொடங்கினா. பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். சைவ வீட்டு அக்காமாருக்குச் செபம் பாடமில்லை. அவர்களும் முடிவை மட்டும் பிடித்துக்கொண்டு உரத்துச் சொன்னார்கள். போனைப் பிடித்தவன் கொஞ்ச நேரம் செபத்தைப் படம் பிடித்தான். பிறகு கை உளைந்தது போல, எழும்பிப் போய்விட்டான்.

பின்னேரம் சேவையர்மார் தங்கள் கருவிகளை வெளியே எடுக்காமலே திரும்பினார்கள். எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அழுகை வந்தது. போகும் வழியில், ஏன் அவனுக்கு ஏசவில்லை என்று மாமியைக் கேட்டேன்.

"அவன் அதை வாங்கிக்கொண்டு போகத்தானே பிள்ளை வந்தவன்" என்றா. குரல் கரகரத்திருந்தது. மாமி பயந்துவிட்டா என்று நான் முடிவுகட்டினேன். சில நாட்கள் அவவோடு சரியாகப் பேசவுமில்லை.

அதற்குப் பிறகும் அவர்கள் வந்தார்கள். நாங்களும் போய் இருந்தோம். மழைக்காலத்தில் பாய் நனையும் என்று உரப்பையை விரித்து இருந்தோம். பெரிய சேவையர் ஒவ்வொருமுறையும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். காணிக்காரர் வழக்குப் போட்டார்கள், பத்திரிகைக்காரர் வந்தார்கள், கொழும்பிலிருந்தும் ஆட்கள் வந்து எங்களோடு வெயிலில் இருந்தார்கள். கடைசியில் ஒரு பகுதிக் காணியை விடுவிக்கிறார்கள் என்று அறிவித்தார்கள். அதில் எங்களுடையதும் இருந்தது. மிச்சக் காணிக்காரருக்காக மாமி பிறகும் போய் இருந்தா. இன்றைக்கும் கூப்பிட்டால் போவா.

முள்ளுக்கம்பியைச் சுருட்டிய அன்று நான் முதன்முதலாக எங்கள் வீட்டைப் பார்க்கப் போனேன். அங்கே வீடு இல்லை. நாயுருவியும் எருக்கலையும் இடுப்பளவுக்கு நின்றன. நடுவே கொஞ்சம் உடைந்த கல். இதற்காகவா இவ்வளவு காலம் வீதியில் இருந்தோம் என்று எனக்குச் சப்பென்று போய்விட்டது.

அப்பாவும் மாமியும் பற்றைக்குள் இறங்கினார்கள். ஓரிடத்துக்கு வந்ததும் அப்பா தலையைக் குனிந்துகொண்டு போனார். அவருக்கு மேலே வெறும் வானம்தான். மாமி பின்னால் போய், வெறும் வெளியில் நேராக நடக்காமல் இடப்பக்கம் திரும்பி, "இது குசினி, இதில அடுப்பு" என்றா. அம்மாவும் அவர்கள் போன வழியிலேயே போனா. நான் குறுக்கால் ஓடி மாமியிடம் போனேன்.

"சுவருக்குள்ளால வாறாய்" என்று மாமி சிரித்தா. கண் நிறைந்திருந்தது. "போய் வாசலால வா பிள்ளை."

எது வாசல் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா கையைக் காட்டினார். நான் திரும்பிப் போய், எருக்கலைகளுக்கு நடுவே அவர் காட்டிய இடத்தில் நின்று, எதற்கென்று தெரியாமலே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே வந்தேன்.