ரேடியேட்டரில் கிளிப்பச்சை

காஞ்சிபுரம் மூங்கில் மண்டபச் சந்திப்பில் என் கார் ஆவி விட்டுக்கொண்டு நின்ற அன்று, கூடிய கூட்டத்தில் பாதிப்பேர் காரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். பொம்பளை கையில் கொடுத்தால் வண்டி இப்படித்தான் ஆகும் என்று ஒரு பூக்கடைக்காரர் தீர்ப்பே எழுதிவிட்டார். பின் இருக்கையில் பட்டுப் பாவு மூட்டை, முதுகுக்குப் பின்னால் பேருந்தின் ஹாரன், தலைக்கு மேல் சித்திரை வெயில். பானெட்டைத் திறக்க எனக்குத் தெரியும். திறந்த பிறகு எதைப் பார்ப்பது என்று தெரியாது. எஞ்சினைவிட நான்தான் அன்று அதிகமாகக் கொதித்தேன்.

அது இரண்டாவது முறை. முதல் முறை பாலாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. எதிரே இருந்த கடைக்காரர் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி அனுப்பிவைத்தார். இந்த முறை செய்தி எனக்கு முன்பே செவிலிமேட்டுக்கு, எங்கள் வீட்டுக்குப் போய்விட்டது. மாலையில் மூத்தார் வந்தார். மூத்தார் என்றால் என் கணவரின் அண்ணன். பிள்ளையார்பாளையத்தில் சாயப்பட்டறை வைத்திருக்கிறார். அந்தக் கார் முதலில் அவருடையது. புது வண்டி வாங்கியபோது பழையதை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்.

எங்கள் குடும்பத்தில் மூத்தாரும் தம்பி மனைவியும் முகத்துக்கு முகம் பேசிக்கொள்வதில்லை. நடுவில் என் கணவர் என்று ஒரு தபால் பெட்டி உண்டு. நான் சமையலறை வாசலில் நிற்பது தெரிந்தும் அவர் தம்பியிடம்தான் சொன்னார்.

"அரை கிளட்சுலயே ஓட்டிக்கினு இருந்தா இன்ஜின் இன்னாத்துக்கு ஆவும்? எங்கிட்ட இருந்த வரைக்கும் ஒரு நாள் சூடாகி நின்னதில்ல. ஞாயித்துக்கிழம சாயந்திரம் புரோக்கர வரச் சொல்றேன். ஓடுற நெலமைல இருக்கும்போதே தள்ளி வுட்டுடலாம்பா."

தபால் பெட்டி தலையை ஆட்டியது.

அவரிடம் அந்தக் கார் சூடாகவில்லை என்பது உண்மைதான். வீட்டிலிருந்து பட்டறைக்கும் பட்டறையிலிருந்து வீட்டுக்கும் போன வண்டி எப்படிச் சூடாகும்? என் கைக்கு வந்த பிறகுதான் அது உலகத்தைப் பார்த்தது. மாகறலிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தறி வீடுகளுக்குப் பாவும் ஊடையுமாகப் பட்டு நூல் கொடுத்து, நெய்த சேலைகளை வாங்கி வருவது என் வேலை. கார் வருவதற்கு முன் பட்டு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் நசுங்கியிருக்கிறேன். இல்லையென்றால், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கும் என் கணவருக்கு விடுமுறை வரும்வரை காத்திருந்து அவருடைய பைக்கின் பின்னால் உட்கார வேண்டும். நாற்பதைத் தாண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். அந்தச் சாவி போனால் என் வேலை மறுபடி மற்றவர்களுடைய நேரத்துக்கு ஓட வேண்டும். அதோடு, அவள் ஓட்டித்தான் வண்டி கெட்டது என்ற பேச்சு என் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். என்னால் இரண்டையுமே தாங்க முடியாது.

மெக்கானிக் திங்கட்கிழமைதான் வர முடியும் என்றார். திங்கட்கிழமை கார் யார் வீட்டில் நிற்குமோ! அவர் முன்பு எட்டிப் பார்த்துவிட்டு, "கூலண்ட் நல்லாத்தாம்மா இருக்குது, பச்சப் பசேல்னு" என்று சொன்னவர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எஞ்சினைக் குளிர வைக்கும் அந்தத் திரவம் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் எப்போது பார்த்தாலும் கண்ணைப் பறிக்கும் பச்சை. ஆனால் காரோடு வந்த கையேட்டை அன்றுதான் முதன்முதலாகப் பிரித்துப் படித்தேன். சில வருடங்களுக்கு ஒரு முறை கூலண்டை முழுக்க வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும் என்று எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை.

போனில் வீடியோக்களைப் பார்த்தேன். எதிரியை எப்படி அடிப்பது என்று படிக்கிறவள் மாதிரிதான் பார்த்தேன். சனிக்கிழமை உதிரி பாகக் கடைக்குப் போய்ப் புதுக் கூலண்ட், ரேடியேட்டரைக் கழுவும் திரவம், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேன்கள் எல்லாவற்றையும் கேட்டேன்.

"மெக்கானிக்க பேசச் சொல்லுங்கம்மா" என்றார் கடைக்காரர்.

"மெக்கானிக்தான் பேசிக்கினு இருக்கேன்" என்றேன்.

ஞாயிறு காலை எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருந்தது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும் என்பதால் வெயில் ஏறுவதற்குள் ஆரம்பித்தேன். "வேணாம்மா, அண்ணன் கேப்பாரு" என்றார் என் கணவர். "நீங்க தூங்கிக்கினு இருந்தேன்னு சொல்லுங்க" என்றேன். அவர் உண்மையிலேயே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

காருக்கு அடியில் பழைய பாயைப் போட்டுப் படுத்து, ரேடியேட்டரின் அடியில் இருந்த திருகைத் தளர்த்தினேன். பிளாஸ்டிக் அன்னக்கூடையில் பச்சையாகக் கொட்டியது. அதன் பின்னால் துருக் குழம்பும், வெந்நீர்ப் பானையின் அடியில் படியுமே, அது போன்ற வெள்ளைப் பொருக்குகளும் வந்தன. போர்வெல் தண்ணீரின் உப்பு. இத்தனையும் உள்ளே அடைத்துக்கொண்டு என் கார் மாகறலுக்குப் போய் வந்திருக்கிறது என்று நினைத்தபோது அதைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கையைக் கழுவினேன். பச்சை போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் அப்படியே நின்றது.

நிறம் பார்ப்பது என் தொழில். வாடிக்கையாளர் காட்டும் ஒரு துண்டு ரவிக்கைத் துணியை வைத்துக்கொண்டு பாவுக்கு நிறம் சொல்கிறவள் நான். அந்தப் பச்சையின் உள்ளே லேசாக ஒரு மஞ்சள் மினுங்கியது. அந்தக் கிளிப்பச்சையைக் காஞ்சிபுரத்தில் ஒரே ஒரு பட்டறையில்தான் போடுகிறார்கள்.

சந்தேகம் தீர வேண்டும். வடித்த தண்ணீரில் கொஞ்சம் எடுத்துப் பழைய பெயிண்ட் டப்பாவில் ஊற்றி, தோட்டத்தில் செங்கல் கூட்டிச் சூடாக்கினேன். அரை எலுமிச்சம்பழம் பிழிந்தேன். புளிப்பும் சூடும் இருந்தால்தான் பட்டில் சாயம் ஏறும். சாயம் போடாத வெள்ளைப் பட்டு இழைகளை அதில் முக்கி எடுத்து அலசினேன், மறுபடி அலசினேன். நிறம் அசையவில்லை. புதுக் கூலண்டின் ரோஸ் நிறத்திலும் இதே போல ஒரு இழையை முக்கிப் பார்த்தேன். அலசியதும் கிட்டத்தட்ட வெள்ளையாகவே திரும்பி வந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தேன். சத்தம் கேட்டு என் கணவர் எழுந்து வந்தார். இழையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அண்ணனோட கிளிப்பச்ச" என்றார். பிறகு, "இத அவருகிட்ட சொல்லிக்கினு இருக்காத, இன்னா?"

"சொல்லாமயா? தாம்பாளத்துல வெச்சு சொல்றேன்."

அதன் பிறகு எனக்கு வேகம் வந்துவிட்டது. கழுவும் திரவத்தையும் கேன் தண்ணீரையும் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டேன். ஹீட்டரைத் திறந்தால்தான் அதற்குள் போகும் குழாயும் சுத்தமாகும். காஞ்சிபுரத்தில் ஹீட்டர் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். சித்திரை மாதத்தில் முகத்தில் அனல் அடிக்க, வேர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தேன். ரேடியேட்டர் விசிறி சுழலும்வரை ஓடவிட்டு, அணைத்து, ஆறவிட்டு, வடித்தேன். மறுபடியும் கேன் தண்ணீர், மறுபடியும் ஓட்டம், ஆறவிடுதல், வடிப்பு. ஒவ்வொரு முறையும் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் பிடித்து வெயிலில் பார்த்தேன். சாயம் போட்ட பட்டு நூல் கழியை அலசும்போதும் தண்ணீர் தெளியும்வரை யாரும் நிறுத்துவதில்லை. நானும் நிறுத்தவில்லை. மதியச் சாப்பாடு ஆறிக் கிடந்தது.

இடையில் தெருப் பசு ஒன்று அன்னக்கூடையை மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தது. கூலண்ட் இனிக்கும், குடித்தால் உயிருக்கே ஆபத்து. அதை விரட்டிவிட்டு, வடித்ததையெல்லாம் கேன்களில் அடைத்து, மெக்கானிக்கிடம் கொடுப்பதற்காகத் தனியே வைத்தேன்.

கடைசியாகக் கிண்ணத்தில் வந்த தண்ணீரின் அடியில் பீங்கானின் கீறல்கூடத் தெரிந்தது. எஞ்சின் குளிர்ந்ததும் திருகை இறுக்கினேன். கூலண்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து மெல்ல ஊற்றினேன். மூடியைத் திறந்து வைத்தே ஓடவிட்டு, மேல் குழாயை அழுத்தி அழுத்தி உள்ளே இருந்த காற்றை வெளியேற்றினேன். குமிழிகள் வந்துகொண்டே இருந்தன, பிறகு நின்றன. மட்டம் இறங்கிய இடத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றி, மூடியைத் திருகினேன். முள் பாதியில் வந்து நின்றது. எவ்வளவு நேரம் ஓடவிட்டும் அங்கேயே நின்றது. தனியாக நின்று கை தட்டினேன். வெட்கமே படவில்லை.

சாயந்திரம், புரோக்கர் வருவதற்கு முன்பே மூத்தார் வந்துவிட்டார். காபி கொண்டுபோனேன். தாம்பாளத்தில் டம்ளருக்குப் பக்கத்தில் அந்தப் பச்சை இழையை வைத்திருந்தேன். என் கணவர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மூத்தார் காபியைத் தொடவில்லை. இழையை எடுத்து, விரலில் உருட்டி, வெளிச்சத்தில் பிடித்தார். முகம் மலர்ந்தது.

"நம்ம கிளிப்பச்ச! நல்லா ஏறியிருக்குது. எந்தக் கழியிலேருந்து எடுத்தீங்கபா?" என்று தம்பியைக் கேட்டார்.

தபால் பெட்டி இன்னும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது. நானே சொன்னேன்.

"கழியில இல்ல மாமா. கார் ரேடியேட்டர்ல முக்கினது."

அவர் கை அப்படியே நின்றது. இழையிடமே பேசுகிறவர் மாதிரி சொன்னார். "தண்ணி கொறைய கொறைய ஊத்தினேன். வெளுத்துப் போச்சு. பச்சையா இருக்கணும்னு மெக்கானிக் சொல்லியிருந்தான். அதான் ஒரு சிட்டிகை சாயம் போட்டேன்."

"எந்தத் தண்ணி மாமா ஊத்தினீங்க?"

"போர் தண்ணிதான்."

"பட்டுக்கு மட்டும் நல்ல தண்ணிக் கிணத்துலேருந்து லாரி வெச்சு அடிக்கிறீங்க, போர் தண்ணி பட்டா பட்டறையவே தலைகீழாக்கறீங்க. காருக்கு மட்டும் போர் தண்ணியா?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. பேசி முடித்த பிறகுதான் எனக்கே அது உறைத்தது. பேசியதற்காக வருத்தப்பட்டேன் என்று எழுதினால் அது பொய். தித்திப்பாக இருந்தது.

அவர் எழுந்தார். "மூங்கில் மண்டபம் வரைக்கும் போய்ட்டு வரட்டும். பாக்கலாம்" என்றார் தம்பியிடம். எங்களோடு வந்தால் எப்போதும் பின் இருக்கையில் உட்காருகிறவர், முள்ளைப் பார்க்க வேண்டும் என்பதற்காக முன்னால் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கணவர் பின்னால் ஏறிக்கொண்டார்.

அன்று முகூர்த்த நாள். பட்டுக் கடைக்கு வந்த வேன்கள் மண்டபத்தைச் சுற்றி அடைத்து நின்றன. முதல் கியரில் ஊர்ந்தோம், நின்றோம், ஊர்ந்தோம். மூத்தார் தெருவைப் பார்க்கவே இல்லை, முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். அது பாதிக்கு மேல் ஒரு இழைகூட ஏறவில்லை. விசிறி ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. பூக்கடைக்காரர் எங்களைப் பார்த்தார். நான் ஹாரனை ஒரு முறை அடித்தேன், தேவையே இல்லாமல்.

அவருடைய போன் அடித்தது. புரோக்கர்.

"வர வேணாம்பா" என்றார் மூத்தார். "வண்டி குடுக்கறதா இல்ல. எங்க வீட்டுப் பொண்ணு ஓட்டுது. நல்லா ஓட்டுது."

என் கண் கலங்கிவிட்டது. முன்னால் நின்ற வேன் நகர்ந்தது, அதனால் தப்பித்தேன்.

திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் இறங்கியவர் போகாமல் நின்றார். சட்டைப் பையைத் துழாவி ஒரு சாவியை வெளியே எடுத்தார். வீட்டில் வேறு யாரையும் தொடவிடாத அவருடைய புதுக் காரின் சாவி. நடுவில் நின்ற தம்பியைத் தாண்டிக் கையை நீட்டி, நேராக என்னிடம் கொடுத்தார்.

"வண்டி இங்கயே நிக்கட்டும். வர ஞாயித்துக்கிழம இதையும் கொஞ்சம் அலசிக் குடுத்துடும்மா" என்றார். "அதுலயும் போட்டுட்டேன்."