சுண்ணாம்பில் ஊறிய சோளம்

நோர்வேயில், எல்லிங்ஸ்ருட் என்ற ஊரில் ஒரு மாடி வீடு. தங்கியிருந்து மாயன் கிராமத்து வாழ்க்கையைப் பார்க்கலாம் என்று விளம்பரம் சொன்னது. மலிவான படுக்கை என்பதால் வந்திருக்கிறேன். வீட்டுக்காரி ரோசா குவாத்தமாலா மலைக்கிராமத்துக்காரர். கணவர் சிவராசா யாழ்ப்பாணத்துக்காரர்.

இரவெல்லாம் ஊறிய மக்காச்சோளத்தை ரோசா அலசுகிறார். நேற்று அந்தப் பானையில் அவர் ஒரு பிடி சுண்ணாம்பைப் போட்டதைப் பார்த்துவிட்டேன். வழியில் கண்டதைத் தின்று மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவன் நான்.

"அண்ணே, இதைச் சாப்பிடலாமா?"

"வெத்திலையோட போடேக்கை கேக்கிறனீரோ?" என்கிறார் சிவராசா. "தோல் கழரத்தான் போடுறது. நல்லாக் கழுவித்தான் அரைக்கிறவ."

"வெத்தலையைத் துப்பிடுவோம்ல."

சுட்ட ரொட்டி தட்டில் வருகிறது. பசி இருந்தும் கை போகவில்லை. ரோசா என் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து, என்னைப் பார்த்தபடியே மென்று விழுங்குகிறார். கணவரிடம் நோர்வேஜியனில் ஏதோ சொல்கிறார்.

"என்னவாம்?"

"கலியாணம் கட்டின புதுசிலை எனக்கும் இப்பிடித்தான் திண்டு காட்டினவ எண்டு சொல்லுறா."

"எத்தனை நாள்?"

"ரெண்டு மாசம்."

ரோசாவின் முகத்தைப் பார்க்காமல் மிச்ச ரொட்டியை எடுக்கிறேன். முதல் வாயில் சுண்ணாம்பைத் தேடுகிறேன். சோளம்தான் இருக்கிறது.