சுவரைப் பார்த்த கைப்பிடி

பழைய வீடுகளைக் காலி செய்யும்போது நடக்கும் விற்பனை என்றால் எனக்கு இருப்புக்கொள்ளாது. சூரிச்சுக்குப் பக்கத்தில், ஷ்லீரனில் எங்கள் வீட்டு நிலவறையில் கிடக்கும் செப்புச் சட்டிகளும் ஓடாத மணிக்கூடும் அப்படி வந்து சேர்ந்தவைதான். என் கணவருக்குப் பழைய சாமான் எல்லாமே செத்த வீட்டுச் சாமான். காரை ஓட்டிக்கொண்டு வருவார், வாசலைத் தாண்டமாட்டார்.

போன வசந்தத்தில் சூரிச் மலைச்சரிவில் இருந்த ஒரு வீட்டுக்கு மட்டும் நான் ஆசையோடு போகவில்லை, பயத்தோடு போனேன். பன்னிரண்டு வருடம் துப்புரவு வேலை செய்து, தோள் வலியால் இரண்டு வருடத்துக்கு முன் நான் நின்றுகொண்ட வீடு அது. வீட்டுக்கார அம்மா முதியோர் இல்லத்துக்குப் போகிறார், சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் சாப்பாட்டு அறை அலுமாரியின் மேல் இருந்த பீங்கான் சூப்புச் சட்டிதான் என் கண்ணில் வந்து நின்றது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், தூசு தட்டும்போது அதன் ஒரு கைப்பிடியை உடைத்துவிட்டேன். வீட்டுக்கார அம்மா தோட்டத்தில் நின்றார். அப்போது சுவிஸில் தங்குவதற்கான எங்கள் பெர்மிட்டை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வேலை போனால் அதுவும் போய்விடும் என்று நடுங்கினேன். குசினியில் அடுப்புப் பக்கத்து லாச்சியை இழுத்து, அதில் இருந்த பசையை எடுத்து ஒட்டி, ஒட்டிய பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்தேன். அதற்குப் பிறகு பத்து வருடம், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் துடைத்துவிட்டு அப்படியே வைத்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை என்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டிருக்கிறேன்.

இப்போது யாராவது வாங்கித் திருப்பிப் பார்த்தால் என் மானம் போய்விடும். அவர்களுக்கு முன் நான் அதை வாங்கிவிட வேண்டும்.

கதவு திறக்க அரை மணி முன்பே போய் நின்றும் ஐந்தாவது ஆளாகத்தான் உள்ளே போனேன். ஒருவர் எழுதுமேசை லாச்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சற்றுத் தூக்கி இழுத்தால் வரும் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. நேரமில்லை. சாப்பாட்டு அறையில் ஒரு பழம்பொருள் வியாபாரி ஏற்கெனவே என் சூப்புச் சட்டியின் மூடியைத் தூக்கிவிட்டார். சட்டியைத் திருப்பக் கை வைத்த நேரத்தில், எதிர்ச் சுவரில் தொங்கும் மணிக்கூடு வீட்டுக்கார அம்மாவின் பாட்டன் காலத்தது, அதைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பொய் இல்லை. மனிதர் அந்தப் பக்கம் திரும்பினார். நான் சட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குசினிக்கு நடந்தேன்.

மேசையருகில் உட்கார்ந்து காசு வாங்கிக்கொண்டிருந்தது வீட்டுக்கார அம்மாவேதான். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. விலை கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

“இதற்குக் காசு வாங்க முடியாது. கைப்பிடி ஒட்டியது.”

எனக்குக் காது சுட்டது. எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன்.

“அந்தச் செவ்வாய்க்கிழமையே தெரியும். வீடு முழுக்கப் பசை மணத்தது.” சிரித்தார். “விருந்துகளுக்கு இதில்தான் சூப் பரிமாறுவேன். கழுவியபின் உங்களைப் போலவே சுவருக்குத் திருப்பி வைப்பேன். மாற்றி வைத்தால் நீங்கள் பயந்துவிடுவீர்களே.”

வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அழுதுகொண்டே சிரித்தேன். அவர் எழுந்து எனக்கும் ஒரு கோப்பி ஊற்றினார். வரிசையில் நின்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

கார்க் கதவைத் திறந்த கணவர், செத்த வீட்டுச் சாமானோ என்று கேட்டார். வீட்டுக்கார அம்மா உள்ளே இருந்து கோப்பி குடிக்கிறா என்று சொன்னதும் ஆறுதலாகிக் காரை எடுத்தார்.

வீட்டில் சூப்புச் சட்டியை மேசை நடுவில், ஒட்டிய கைப்பிடி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தேன். கணவர் குனிந்து பார்த்தார்.

“ஆரோ உடைச்சு ஒட்டியிருக்கினம். பாத்து எடுக்கேல்லையோ?”

“நான்தான் உடைச்சனான்” என்றேன். இத்தனை வருடத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.