குட்டிக்கு வாங்கிய பொடி

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை அவள் பலமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டாள். அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியவில்லை.

காலை எட்டு மணி இருக்கும். சித்தி கதவைத் தட்டாமல் அறைக்குள் வந்து, வேற்று மொழியில் அச்சிட்ட ஒரு தகர டப்பாவை அவள் மடியில் வைத்தாள்.

“இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு.”

“தெள்ளுப்பூச்சிப் பொடி, சித்தி.”

“பூச்சி படம் போட்டிருக்கே, அது எனக்குத் தெரியாதா? எப்படிப் போடறதுன்னு சொல்லு.”

“முதுகுல தூவி, முடிக்குள்ள நல்லாத் தேய்ச்சு விடணுமாம்.”

“நம்ம குட்டிங்களுக்குப் போடலாமா?”

“செல்லப் பிராணிகளுக்குன்னு போட்டிருக்கு. போடலாம்.”

“முழுசாப் படிச்சியா?”

“படிச்சேன் சித்தி.”

படிக்கவில்லை. முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். வேறு மொழியில் படித்தவள் என்ற ஒரே குற்றத்துக்காக, பன்னிரண்டு வயதிலிருந்து குடும்பத்துக்கு வந்த கடிதம், மாத்திரை அட்டை, விண்ணப்பம் எல்லாம் அவள் மடியில்தான் விழுந்தன. வாரத்தில் ஆறு நாள் அலுவலகத்தில் இரண்டு மொழிகளுக்கு நடுவே தலையைக் கொடுத்துவிட்டு வந்தால், ஏழாம் நாளும் ஒரு டப்பா. அந்த எரிச்சலில் வந்த ‘படிச்சேன்’ அது.

சித்தி, விடுதிகளுக்குத் துணி வெளுக்கும் சலவைக்கூடம் ஒன்றில் பதினெட்டு வருடமாக இஸ்திரி போடுகிறாள். அங்கே அவளுக்குப் பெயரே ‘இஸ்திரிப்பெட்டி’. “தொட்டாத்தான் சுடும்னு நினைச்சுடாதீங்க, பக்கத்துல போனாலே சுடும்” என்று புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் சொல்லி வைப்பார்கள். வலது மணிக்கட்டில் மூன்று சூட்டுத் தழும்புகள். அவற்றைக்கூட யாரோ தனக்குச் செய்த அநியாயம் போலத்தான் காட்டுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை சலவைக்கூடத்தில் கொதிகலனுக்குப் பின்னால் தாயில்லாமல் இரண்டு பூனைக்குட்டிகள் கிடந்தன. “சாக்குல கட்டித் தூரமா விட்டுட்டு வாங்க” என்றார் மேற்பார்வையாளர். “முதல்ல உங்களைக் கட்டறோம் சார். மிச்சம் இடமிருந்தா குட்டிங்களையும் போட்டுக்கறோம்” என்று சொல்லிவிட்டு, இரண்டையும் ஒரு துண்டில் சுருட்டி வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டாள் சித்தி. பெயரெல்லாம் வைக்கவில்லை. ஒன்று பெருசு, மற்றது சிறுசு.

குட்டிகளோடு ஒரு பட்டாளமே வந்து இறங்கியிருக்கிறது என்பது மறுநாள்தான் தெரிந்தது. சித்திக்கும் அவளுக்கும் கணுக்கால் முழுக்கத் தடிப்பு. சிறுசின் ஈறு வெள்ளைக் காகிதம் போல வெளுத்திருந்தது. “உள்ளங்கை அளவுகூட இல்லாத உடம்புல உட்கார்ந்து ரத்தம் குடிக்குதுங்களே, வெட்கம் கெட்ட ஜென்மங்க” என்று பூச்சிகளையும் விட்டுவைக்காமல் திட்டிய சித்தி, அன்று சாயங்காலமே கடைக்குப் போய் வாங்கி வந்ததுதான் அந்தப் பொடி.

ஞாயிறு காலை இரண்டுக்கும் பொடியைத் தேய்த்துவிட்டார்கள்; மதியம் சிறுசு நடுங்க ஆரம்பித்தது. குளிர் என்று நினைத்து, துண்டை இஸ்திரிப்பெட்டியால் சூடாக்கிச் சுற்றினாள் சித்தி. நடுக்கம் நிற்கவில்லை. காது துடித்தது, பின்னங்கால்கள் இழுத்துக்கொண்டன. சற்று நேரத்தில் பெருசும் தலையை உதறத் தொடங்கியது.

அவள் ஓடிப்போய் டப்பாவை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், கடைசி வரி. அதை அப்படியே தமிழில் வாய்விட்டுச் சொன்னாள். “நாய்களுக்கு மட்டும். பூனைகளுக்கு நஞ்சு. தவறிப் பட்டால் உடனே கழுவி, மருத்துவரிடம் கொண்டு செல்லவும்.”

சித்தி கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். சித்தி அவளைப் பார்க்கக்கூட இல்லை. பாத்திரம் தேய்க்கும் சோப்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். “வெதுவெதுன்னு தண்ணி ஊத்து” என்றாள்.

கால்நடை மருத்துவர் ஊசி போட்டு, இரண்டு குட்டிகளையும் தன்னிடமே வைத்துக்கொண்டார். “இவ்வளவு சின்னதுக்கு மருந்தே வேண்டாம்மா. பேன்சீப்பால வாரி, மாட்டற பூச்சியைச் சோப்புத் தண்ணியில போட்டாப் போதும். பெருசு தேறிடும். சின்னதைப் பத்தி நாளன்னிக்குத்தான் சொல்ல முடியும்.”

“சீப்பு” என்று பேருந்தில் வரும்போது சித்தி ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். “ஒரு சீப்பு போதுமாம்.”

மறுநாள் சித்தி வேலைக்குக்கூடப் போகாமல் கடை திறக்கும்போதே போய் நின்றாள். அவளும் பின்னாலேயே போனாள்.

“என்னய்யா குடுத்தே நீ? பூனைக்கு யாராவது விஷம் குடுப்பாங்களா?”

கடைக்காரர் டப்பாவைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். “பூனைன்னு எங்கம்மா சொன்னீங்க? ‘குட்டிக்குத் தெள்ளுப்பூச்சி மருந்து குடு’ன்னுதானே கேட்டீங்க. இங்க குட்டின்னு வர்றவங்க பத்துப் பேர்ல ஒம்பது பேர் நாய்க்குட்டிக்குத்தான் வாங்கறாங்க.”

சண்டைக்குப் போன இடத்தில் வாழ்க்கையில் முதல்முறையாகத் தோற்றுத் திரும்பிய சித்திக்குக் கோபம் இரட்டிப்பானது. அதை இறக்கி வைக்க வீட்டில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள்.

மூன்றாம் நாள் இரண்டு குட்டிகளும் வீடு வந்தன. சிறுசு தலை சாய்ந்துதான் நடந்தது, ஆனால் நடந்தது. தினமும் வேலை முடிந்து வந்ததும் சித்தி வெள்ளை விரிப்பு ஒன்றை விரித்துக் குட்டிகளை வாருவாள். விரிப்பில் கருப்பாக உதிரும் பூச்சிக் கழிவில் ஈரம் பட்டால் ரத்தச் சிவப்பாகப் பரவும். அதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பாள். படுக்கை, துணி, துண்டு எல்லாவற்றையும் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, தையல் ஓரங்களில் இஸ்திரிப்பெட்டியை அழுத்தி அழுத்தித் தேய்ப்பாள்.

அவளிடம் மட்டும் நேராகப் பேசவில்லை. எல்லாம் ஜாடைதான்.

“சிறுசு, அந்தப் பட்டதாரி அம்மாவைச் சாப்பிடச் சொல்லு. தட்டோட முன்பக்கத்தை மட்டும் பார்த்துட்டுப் பசி தீர்ந்துச்சுன்னு போயிடப் போறாங்க.”

“கடையில பூனைன்னு சொல்லாதது யாராம், பெருசு?” என்று ஒரு நாள் அவளும் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள்.

சீப்பு பாதியில் நின்றது. “என் வாய் தப்புதான். அது எனக்குத் தெரியும்” என்று குட்டியிடமே சொன்னாள் சித்தி. “அதனாலதான் படிச்சவகிட்ட வந்து கேட்டேன். முழுசாப் படிச்சியான்னு வேற கேட்டேன்.”

அவள் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தைச் சித்தியின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் சீப்பில் ஒரு பூச்சிகூட மாட்டவில்லை. அன்று சாயங்காலம் சித்தி கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, துணி மூட்டைகளில் ஒட்டும் வெள்ளைச் சீட்டு ஒரு கட்டை அவள் மடியில் வைத்தாள். கூடவே தடித்த கருப்புப் பேனா ஒன்று.

“கடைக்காரன்கிட்டப் பேசிட்டேன். அலமாரியில இன்னும் இருபத்தாறு டப்பா இருக்கு. ஒட்ட விடலைன்னா தினமும் உன் கடை வாசல்ல நின்னு நானே வாயால சொல்லுவேன்னேன். ஒட்டித் தொலைங்கன்னுட்டான்.”

“என்ன எழுதணும் சித்தி?”

“நீ படிக்காம விட்டியே அந்த வரி, அதை எழுதிக் குடு. கண்ணாடி இல்லாதவங்களுக்கும் தெரியற மாதிரி பெருசா எழுது. குட்டின்னு எழுதிடாதே. பூனைன்னு எழுது.”