கிருபா எடுக்க மறுத்த அட்டை

திங்கட்கிழமை காலை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பியூன் நாதமுனி பக்கத்தில் வந்து, "நம்ம கிருபாம்மா பூட்டாங்க சார். மஞ்சக் காமாலை. நேத்து சாயங்காலம் ஆஸ்பத்திரியில" என்றார். பதினோரு மணிக்கு எங்கள் அதிகாரி எல்லோரையும் எழுந்து நிற்கவைத்து, "நேர்மையான ஊழியர்" என்று இரண்டு நிமிடம் பேசினார். அந்த நேர்மைக்காகத்தான் அவளைப் பதிவறையில் தூக்கிப் போட்டு ஐந்து வருஷம் தூசு தின்னவைத்தார். சங்கச் சுற்றறிக்கைக்கு அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறீர்கள், தோழர்களே. நல்ல வார்த்தையை வேறு யாராவது எழுதட்டும்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நானும் கிருபாவும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வருஷா வருஷம் அதே ஊர்களுக்குப் போய், வீட்டுக்கு வீடு வருமானத்தைக் கேட்டு அட்டையில் எழுதுவோம். பிறகு அட்டைகளைக் குறைந்ததிலிருந்து கூடியது வரை அடுக்குவோம். சரியாக நடுவில் வரும் வீட்டின் வருமானம்தான் ஊரின் கணக்கு. ஒரு பணக்காரர் எவ்வளவு கொழுத்தாலும் அந்த நடு வீடு நகராது என்பதில் கிருபாவுக்கு அலாதி சந்தோஷம்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில், வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களை நான் கரையிலேயே வரிசையாகக் கேட்டு எழுதினேன். முதல் ஆள் ஒரு தொகை சொன்னால் அடுத்தவர் அதற்கு மேலே சொன்னார். கிருபா அட்டைகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "நாலு பேரு எதிர்ல எவன் அண்ணாத்த எனக்கு இல்லன்னு சொல்லுவான்? இன்னா ஆளு நீ!" மீன் விற்றுத் திரும்பிய பெண்களை அவரவர் வீட்டில் தனியாகப் பார்த்து, போன வாரம் எத்தனை நாள் இரண்டு வேளையும் உலை வைத்தாய் என்று அவள் பேச்சை ஆரம்பித்தாள். என் அட்டைகளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினோம்.

எழுபத்துமூன்றில், கருங்குழிக்குத் தெற்கே அவள் பிறந்த ஊரில், இந்தப் பிடிவாதம் வினையானது. அங்கே பெரிய நிலக்காரர் கூலியாட்களைத் தன் களத்துக்கு வரவழைப்பார். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவர் கொடுக்கும் கூலி எவ்வளவு என்று அவர் எதிரிலேயே நாங்கள் கேட்போம். எங்களுக்கு இளநீர் வரும். நானும் குடித்தவன்தான். அந்த ஊர் காகிதத்தில் வருஷா வருஷம் பணக்கார ஊராகிக்கொண்டே போனது. இன்னும் கொஞ்சம் ஏறினால் காலனிக்காரர்களுக்குக் கறவை மாட்டுக் கடன் கிடையாது. எங்கள் அதிகாரிக்கோ ஏறுகிற கணக்குதான் வேண்டும். அதைக் காட்டித்தான் அவர் பதவி உயர்வுக்கு அலைந்துகொண்டிருந்தார்.

கிருபா என்னை இழுத்துக்கொண்டு போய்க் காலனியில் ஒவ்வொரு வீடாக மறுபடி கேட்டாள். தன் அம்மாவின் குடிசை வந்ததும் நின்றுவிட்டாள். "இது என் வூடு. நான் கேக்கக் கூடாது. நீ கேளு அண்ணாத்த" என்று தூரமாகப் போய் நின்றுகொண்டாள். நான்தான் கேட்டேன், நான்தான் எழுதினேன். ஆபீசில் அடுக்கியபோது நடுவில் வந்தது அதே வீடு. "வம்பு வேண்டாம், இந்த அட்டையை எடுத்துவிடு" என்றேன். "எடுத்தா நடு மாறிப்பூடும். அப்பத்தான் அது பொய்யாவும்" என்றாள்.

சொந்த வீட்டு வருமானத்தைக் குறைத்து எழுதிவிட்டாள் என்று அதிகாரி விசாரணை வைத்தார். அட்டைகளின் சுத்தப் பிரதி அவள் கையெழுத்தில் இருந்தது. நான் எழுதிய அசல் அட்டை, அவர் மேசைக்குப் போனபின் காணாமல் போனது. அந்த வீட்டில் கேட்டது நீயா என்று என்னைக் கேட்டார். எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நான் போகவே இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவள் எடுத்த கணக்கைத் தள்ளி, பழைய களத்துக் கணக்கையே வைத்துக்கொண்டார்கள்; அவளைப் பதிவறைக்கு மாற்றினார்கள். ஊர், கடன் பட்டியலிலிருந்து போயிற்று. ஒரு வீட்டுக்கும் மாடு வரவில்லை. கிருபா என்னைத் திட்டவில்லை. "உன்னை மன்னிக்க மாட்டேன் அண்ணாத்த. வந்து கேட்டுக்கினு நிக்காத" என்றாள். சொன்ன சொல்லைக் கடைசிவரை காப்பாற்றினாள்.

திங்கட்கிழமை மத்தியானம் அவள் அடக்கத்துக்கு ஆபீஸ் ஜீப்பில் போனோம். பெட்டி அந்தக் குடிசை வாசலில்தான் இருந்தது. அதிகாரி மாலையோடு முன்னால் போனார். கிருபாவின் அம்மா அவரைத் தாண்டி என்னைப் பார்த்தார். "அன்னிக்கு எங்க வூட்டாண்ட வந்து கேட்டு எழுதிக்கினு போன சாரு நீதான?"

தெருவே நின்று பார்த்தது. அதிகாரியும் திரும்பிப் பார்த்தார்.

"ஆமாம்மா, நான்தான். நீங்க சொன்னதத்தான் எழுதினேன்."

"அத அப்பவே சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு?"



விசாரணையில் போகவே இல்லை என்று எழுதிக் கொடுத்தது ஏன் என்று புதன்கிழமை எனக்கு மெமோ வந்தது. பதிலில் நடந்ததை ஒன்று விடாமல் எழுதி, அந்த ஊரை மறுபடி கணக்கெடுக்கக் கேட்டிருக்கிறேன். குற்றவாளிகள் என்று இரண்டு பெயர்கள் போட்டிருக்கிறேன்: ஒன்று அதிகாரியுடையது, மற்றது என்னுடையது. அந்தப் பதிலை இதற்குக் கீழேயே அச்சிடுங்கள். என் வேலை போனால் போகட்டும், அவரை இழுத்துக்கொண்டுதான் போவேன். கிருபாவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அவளுடைய மன்னிக்காத மனசு. அதிலிருந்து அவரும் தப்ப முடியாது, நானும் தப்ப முடியாது.